காணிக்கைக் கவரில் ஒரு கை

ஜூலை 14

அன்புள்ள வாத்துக்கு,

மொட்டை எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன், திட்டாதே. ஊர் மாறி, வீடு மாறி, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைந்ததில் கடிதம் எழுத உட்காரவே முடியவில்லை. இதைப் படித்ததும் நீ உதட்டைப் பிதுக்குவாய் என்று தெரியும். பிதுக்கிக்கொண்டே மேலே படி.

இங்கே ஆஸ்பத்திரி வேலை பழகிவிட்டது. எக்ஸ்ரே அறை பழைய கட்டடத்தில் தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இவருக்குப் புது வேலை பிடித்திருக்கிறது. பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசும்போதெல்லாம் காற்று வருகிறது.

ஆலயம் தெருமுனையிலேயே இருக்கிறது. போன ஞாயிறு "இல்ல ஞாயிறு" என்பது எனக்கு நினைவே இல்லை. நினைவிருந்தால் வழக்கம்போலத் தலைவலி என்று போர்த்திப் படுத்திருப்பேன். ஆயர் நாம் வளர்ந்த பிள்ளைகள் இல்லத்தைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லி ஜெபித்தார். கவர்கள் வரிசை வரிசையாகக் கைமாறி வந்தன. இவர் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அதில் நான், சின்ன வயசு நான். சவரம் செய்த தலையும் ஒழுகுகிற மூக்குமாக, வாயைப் பிளந்து அழுகிற நான். வாத்து, எல்லாரும் என் முகத்துக்குள் பணத்தை மடித்து வைத்து, நாக்கில் தொட்டு ஒட்டி, தட்டில் போட்டார்கள். முன் பெஞ்சில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னாலேயே நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

நான் இல்லத்தில் வளர்ந்தவள் என்று இவருக்குத் தெரியும். கவரில் இருப்பது நான்தான் என்று சொன்னதில்லை.

பாப்பா கவரை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, இந்தப் பாப்பா ஏன் அழுவுது?" என்றாள். "தெரியலடி" என்றேன். கொஞ்சம் கழித்து, "இது யாரு கை?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். இந்த வருஷம் கவர் பெரிதல்லவா, படமும் அகலமாக அச்சாகியிருக்கிறது. என் இடது தோளில், படத்தின் ஓரத்தில், நான்கு விரல்கள். முன்பு எந்த வருஷத்துக் கவரிலும் இது இருந்ததில்லை. அந்தக் கவரோடு வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அது யார் கை என்று எனக்குச் சொல். அப்புறம், அந்தப் படத்தை இனியாவது எடுத்துவிடு. இன்னும் எத்தனை வருஷம் என்னை அழவைப்பீர்கள்?

பெரியம்மாவின் காலைத் தொட்டு என் அன்பைச் சொல்.

உன்
மொட்டை


ஜூலை 27

மொட்டை அம்மாளுக்கு ஸ்தோத்திரம்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் விலாசம் மாறி வந்துவிட்டதோ என்று தபால்காரரை நிறுத்திக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இங்கே எல்லாரும் சுகம். சமையலறைக் கூரை ஒழுகுவது நின்று, இப்போது படிக்கும் அறைக் கூரை ஒழுகுகிறது. கடைக்குட்டி ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள். யாரிடமும் பேசமாட்டேன் என்கிறாள், என் சேலை முந்தானையை மட்டும் விடுவதில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு நடப்பதால் என் வாத்து நடை இன்னும் அழகாகியிருக்கிறது என்று பெரிய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பெரியம்மா கடைசி அறையில்தான் படுத்திருக்கிறார்கள். சில நாள் என்னைத் தெரிகிறது. சில நாள் "வார்டன் எங்க?" என்று என்னிடமே கேட்கிறார்கள். அவர்கள் வார்டன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆனபின்பும் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்பதுதான் முதல் கேள்வி.

படத்தை எடு என்று எழுதிவிட்டாய். எடுத்துப் பார்த்தாயிற்று. நான் பொறுப்புக்கு வந்த புதிதில், பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்கிற படம் ஒன்றைக் கவரில் போட்டோம். ரொம்ப அழகான படம். அந்த வருஷம் வந்த காணிக்கையில் மழைக்காலத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. அடுத்த வருஷமே இல்லத்தை நடத்துகிற சங்கத்தின் செயலாளர் உன்னைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை மொட்டை. ஆனால் அழுகிற பிள்ளைக்குத்தான் கை நீளுகிறது. நீ அழுகிறாய், நாங்கள் சாப்பிடுகிறோம். எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

கை யாரோ ஆயாவின் கையாக இருக்கும். உன்னைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். நீ சும்மா நின்றால்தானே! அச்சகம் கைமாறியிருக்கிறது. புது முதலாளி பழைய படத்தைத் தேடி எடுத்துக் கவரின் அளவுக்கு அகலப்படுத்திப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதைக் கேட்கத்தான் எனக்குக் கடிதம் எழுதினாயா? நீ இங்கே வந்து போய் எவ்வளவு காலம் ஆகிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

பாப்பாவுக்கு முத்தம்.

வாத்து


ஆகஸ்ட் 19

அன்புள்ள வாத்துக்கு,

கோபித்துக்கொள்ளாதே. உன்னை விட்டால் எனக்குக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அது ஆயாவின் கை இல்லை. நாள் முழுக்க நான் பார்ப்பது கைகளும் கால்களும்தான். அது ஒரு சிறுமியின் கை. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவளாக இருக்கலாம். அந்த விரல்கள் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. சும்மா தோளில் கிடக்கின்றன, வீட்டு ஜன்னல் விளிம்பில் கை வைத்துக்கொள்வோமே, அப்படி.

இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். எக்ஸ்ரே எடுக்கும்போது நான் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு "மூச்சப் பிடிங்க, அசையாதீங்க" என்பேன். அந்த ஒரு நொடி அறையில் சத்தமே இருக்காது. அந்த நொடியில்தான் என் இடது தோளில் பாரம் இறங்குகிறது. முதல் தடவை திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. இப்போது திரும்புவதில்லை. பயமா என்று கேட்டால், பயம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அது வந்ததும் மனசு அப்படியே லேசாகிவிடுகிறது.

போன வாரம் இன்னொன்று நடந்தது. ஒரு பாட்டியை நெஞ்சுப் படம் எடுக்க நிறுத்தியிருந்தேன். பாரம் இறங்கியது. உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது வாத்து. காரணமே இல்லாத சிரிப்பு, குழந்தைச் சிரிப்பு. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பாட்டி நடுங்கிப்போய், "ஏம்மா, எனக்கு ஏதாச்சும் மோசமா?" என்று கேட்டுவிட்டார். அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

தையல்காரம்மா ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது, "என்னம்மா, எடது தோளு எறங்கி இருக்கு? அந்தப் பக்கம் ஏதாச்சும் சொமப்பீங்களா?" என்றார்.

பெரியம்மாவிடம் அந்தக் கவரைக் காட்டிக் கேள். நல்ல நாளாகப் பார்த்துக் கேள்.

உன்
மொட்டை


செப்டம்பர் 8

என் மொட்டைக்கு,

கேட்டேன். நீ எங்காவது உட்கார்ந்துகொண்டு படி. பாப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

கவரைக் கையில் கொடுத்து, "இது யாரு தெரியுதா பெரியம்மா?" என்றேன். "மொட்டை. எப்பப் பாத்தாலும் ஒப்பாரி" என்றார்கள் உடனே. "இந்தக் கை யாருது?" என்றேன். கண்ணாடியை ஏற்றி, இறக்கி, நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு சுற்றும் முற்றும் தேடிவிட்டு, "கிலுகிலுப்பை எங்க? அவ சாப்பிட்டாளா?" என்றார்கள்.

 அந்தப் பெயர் எனக்குத் தெரியும். எங்கே கேட்டேன், யார் பெயர் என்று தெரியவில்லை, ஆனால் தெரியும்.

மறுநாள் காலையில் தெளிவாக இருந்தார்கள். மெதுவாகக் கேட்டுக்கேட்டு வாங்கினேன். நீ தனியாக வரவில்லை மொட்டை. ஒரு நர்ஸ் உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கொண்டுவந்து விட்டார். உங்கள் அம்மா அந்த நர்ஸின் ஆஸ்பத்திரியில்தான் இறந்திருக்கிறார். கிலுகிலுப்பை உன் கூடப் பிறந்த அக்கா. எதற்கெடுத்தாலும் கலகலவென்று சிரிப்பாளாம், அதனால் அந்தப் பெயர்.

முதல் இல்ல ஞாயிறுக்காகப் படம் எடுக்க வந்தபோது, பேன் என்று உனக்கு அன்றுதான் தலையை மழித்திருக்கிறார்கள். நீ ஊரைக் கூட்டி அழுதிருக்கிறாய். உன்னைச் சிரிக்கவைக்க அவள் பக்கத்தில் வந்து நின்று, தோளில் கையைப் போட்டு, முகத்தைக் கோணல்மாணலாக வைத்து விளையாட்டுக் காட்டியிருக்கிறாள். படத்தில் இரண்டு பேரும் பதிந்துவிட்டீர்கள். அப்போதிருந்த செயலாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "சிரிக்கிற பிள்ளையப் பாத்து யாரு கவர்ல போடுவா? அதை வெட்டிருங்க" என்றாராம். பெரியம்மா வேண்டாம் என்று வாதாடியிருக்கிறார்கள். யார் கேட்டார்கள்?

"அப்புறம் அவ எங்க போனா பெரியம்மா?" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். 

எனக்கும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு. அப்புறம் பெரியம்மா எங்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, "அவ பேர இனிமே யாரும் எடுக்கக் கூடாது, மொட்டை சாப்பிட மாட்டேங்குறா" என்று சொன்னது. அன்றைக்குப் பிறகுதான் உன்னை என் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நான் இத்தனை காலமும் உனக்கு அக்கா நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்து


செப்டம்பர் 17

வாத்து,

அவள் செத்துவிட்டாளா? அதை மட்டும் கேட்டு எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கவரை எடுத்து வந்து காட்டினேன். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒவ்வொரு வருஷமும் உனக்குத் தலைவலி வரும். நான் மாத்திரை வாங்கிட்டு வருவேன்" என்றார். அவ்வளவுதான். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

கூடப் பிறந்தவளை ஒருத்தி எப்படி மறப்பாள்? நான் கல்லா? தலைக்குள் எவ்வளவு தேடினாலும் அவள் முகம் இல்லை. பாரம் மட்டும் இருக்கிறது. இன்றைக்கு ஒரு நாளில் ஐந்தாறு தடவை வந்துவிட்டது. செத்தவர்கள்தானே இப்படி வருவார்கள்?

மொட்டை


அக்டோபர் 2

அன்பு மொட்டைக்கு,

சாகவில்லை. அதாவது, இங்கே சாகவில்லை. முதலில் மூச்சு விடு.

பெரியம்மா நேற்று தாமாகவே பேசினார்கள். அந்த முதல் இல்ல ஞாயிறுக் கவரைப் பார்த்து மனமிரங்கி, பிள்ளையில்லாத ஒரு தம்பதி காரில் வந்து இறங்கியிருக்கிறார்கள். கவரில் அழுகிற பிள்ளையைக் கூட்டிப்போய் வளர்க்கிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். உன்னைக் கேட்டுத்தான் வந்தார்கள் மொட்டை. அன்றைக்கு உனக்குக் கடுமையான காய்ச்சல், நினைவே இல்லாமல் கிடந்தாய். வாசலில் கார் சத்தம் கேட்டு ஓடிவந்தவள் உன் அக்கா. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கார் ஹாரனை அமுக்கிப் பார்க்கலாமா என்று சிரித்திருக்கிறாள். அந்த அம்மா அதோடு வேறு யாரையும் பார்க்கவில்லையாம்.

"ரெண்டு பேரையும் சேத்துக் கொண்டு போங்கன்னு கெஞ்சினேன்" என்றார்கள் பெரியம்மா. "காய்ச்சல் பிள்ளைய எப்படிக் கொண்டு போறது, அப்புறமா வரோம்னாங்க. வரல. சங்கத்துல கேட்டா வெலாசம் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "போறப்ப அவ சிரிக்கலடி" என்றார்கள்.

காய்ச்சல் விட்டு நீ எழுந்ததும் ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் குனிந்து தேடினாயாம். ஏதோ விளையாட்டு என்று நானும் கூடக் குனிந்திருப்பேன்.

மனசைத் தேற்றிக்கொள். சாப்பிடு. வேலைக்குப் போ. உனக்காக இங்கே பிள்ளைகள் எல்லாரும் ஜெபிக்கிறார்கள். எதற்கு என்று சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

வாத்து


டிசம்பர் 11

அன்புள்ள வாத்துக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். பெரியம்மாவை அடக்கம் பண்ணிய இடத்தில் நீ நின்ற நிலை கண்ணை விட்டுப் போகவில்லை. நீ அழாமல் நின்றாய், அந்தக் கடைக்குட்டி உன் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உனக்கும் சேர்த்து அழுதாள். ஒழுங்காகத் தூங்கு. கடைசி அறைக்குப் பூட்டுப் போடாதே, பிள்ளைகள் யாரையாவது படிக்கவிடு.

அடக்கம் முடிந்த மறுநாள் நீயும் நானும் அச்சகத்துக்குப் போய்ப் பார்த்த, வெட்டாத அந்த முழுப் படத்தை நினைக்காத நேரமில்லை. ஒரு கை என் தோளில், மறு கையால் தன் கன்னத்தை இழுத்துவிட்டு, கண்ணை மேலே செருகி, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் பாவி. அச்சக முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் பிள்ளையையா வெட்டினாங்க?" என்றாரே!

எனக்கு வேறொரு யோசனை ஓடுகிறது. அவள் எங்கோ இருக்கிறாள். ஆலயத்துக்குப் போகிற வீட்டில்தான் வளர்ந்திருப்பாள். அப்படியென்றால் ஒவ்வொரு இல்ல ஞாயிறும் அவள் கைக்கும் கவர் வந்திருக்கும். என் முகத்தைப் பார்த்திருப்பாள். பார்த்தும் ஏன் வரவில்லை? என்னை மறந்துவிட்டாளா? இல்லை, நான் முன்பு பயந்ததுபோல அவள் உலகத்திலேயே இல்லையா? எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு, "நீ இருக்கியா, இல்லியா, அதையாவது சொல்லு" என்று வாய்விட்டுக் கேட்டேன். வெளியே காத்திருந்தவர் தன்னைத்தான் கேட்கிறேன் என்று "இருக்கேம்மா" என்றார்.

படத்தை எடுக்கச் சொன்னேன் அல்லவா? இப்போது எடுக்காதே என்கிறேன். முழுசாகப் போடு. அவளையும் சேர்த்துப் போடு. காணிக்கை குறையும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாப்பாட்டில் வளர்ந்தவள்தானே நானும்? தெரிந்துதான் கேட்கிறேன். உன் வேலைக்கு ஆபத்து என்றால் வேண்டாம். அதையும் மனசார எழுதுகிறேன். பாதி மனசார.

உன்
மொட்டை


ஜூலை 20

என் உயிர் மொட்டைக்கு,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

இல்ல ஞாயிறு முடிந்தது. செயலாளரிடம் கேட்காமலேயே முழுப் படத்தை அச்சுக்குக் கொடுத்தேன். கேட்டிருந்தால் நடந்திருக்காது. காணிக்கை குறைந்துவிட்டது. நன்றாகவே குறைந்துவிட்டது. செயலாளர் நேரில் வந்து, "இது சர்க்கஸ் விளம்பரமாம்மா?" என்று கத்திவிட்டுப் போனார். சங்கக் கூட்டத்தில் என்னைப் பற்றி முடிவெடுப்பார்களாம். எடுக்கட்டும். படிக்கும் அறைக் கூரை இந்த வருஷமும் ஒழுகும், வாளி வைத்துக்கொள்வோம்.

இப்போது கேள். செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், ஒரு கார் வந்து வெளியே நின்றது. யாரும் இறங்கவில்லை. நான் துணி உலர்த்தி முடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் நின்றது. போய்க் கண்ணாடியைத் தட்டினேன். நம்மைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்களாம். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கைப்பையிலிருந்து கவரை எடுத்து மேசையில் வைத்தார்கள். கவர் காலிதான்.

"வருஷா வருஷம் இது என் கைக்கு வரும்" என்றார்கள். "நான் ஒரு தடவைகூடத் தட்டுல போட்டதில்ல. காணிக்கைய வேற கவர்ல போட்டுருவேன். இத வீட்டுக்குக் கொண்டு போயி அலமாரில வச்சிருவேன். கசக்கிப் போட மனசு வராது."

நான் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். 

"போன வருஷம் படத்துல என் கை வந்துச்சு. இந்த வருஷம் நானே வந்துட்டேன். அடுத்த வருஷம் இவ எறங்கி நடந்து வந்துருவாளோன்னு பயமா இருக்கு. என்னால முடியல. அதான் கேக்க வந்தேன்." விரலால் உன் முகத்தைத் தொட்டார்கள். "இவள எங்க பொதைச்சிருக்கீங்க?"

"என்ன?" என்றேன்.

"இந்தச் சின்னவ. என் தங்கச்சி. காய்ச்சல்ல போயிட்டாளே, அவ கல்லறை எங்க இருக்கு?"

மொட்டை, அந்த வீட்டுக்குப் போன புதிதில் உன்னிடம் போக வேண்டும் என்று தினமும் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாள் அவளை வளர்த்த அம்மா, "அவ காய்ச்சல்ல சாமிகிட்டப் போயிட்டா, இனிமே அழக் கூடாது" என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மா இப்போது இல்லை. நல்ல அம்மாதான், கண்ணுக்குள் வைத்து வளர்த்தார்கள் என்று சொல்கிறாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும், செத்துப்போன தங்கச்சி கவரில் வந்து அவளைப் பார்த்து அழுதிருக்கிறாள்.

 நெஞ்சில் இருந்ததை அப்படியே சொன்னேன். "சாகலம்மா. இருக்கா. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குறா. புருஷன் இருக்கார், ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு. வாய் காது வரைக்கும் இருக்கு" என்றேன்.

 எழுந்தாள். "இதுல வெளையாடாதீங்க" என்றாள். கவரைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன், என் நடைக்கு எங்கே பிடிப்பது! கார்க் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். திரும்பாமலேயே கேட்டாள்: "அவளுக்கு இப்ப முடி இருக்கா?"

"இடுப்பு வரைக்கும்" என்றேன்.

அந்தப் பெண் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள் மொட்டை. அவள் போட்ட சத்தத்துக்குச் சமையல்காரம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. வரும்போது நீ வீட்டில் இரு.

இனி உனக்குச் சொந்த அக்கா இருக்கிறாள். இந்த வாத்துக்கும் எப்போதாவது நான்கு வரி எழுது.

வாத்து


ஆகஸ்ட் 10

என் வாத்துக்கு,

வந்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "யாரோ ஒரு அம்மா கேட் பக்கத்துல நிக்கிறாங்க, ரொம்ப நேரமா நிக்கிறாங்க" என்றார். நான் போனேன். கேட்டின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. அவள் என் தலைமுடியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், செருப்பில்லாத காலைப் பார்த்தாள். பிறகு, "ஏதாவது பேசு" என்றாள்.  "சாப்டியா?" என்றேன். அப்போதுதான் தாழ்ப்பாளைத் தொட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த முகம் பழக்கமில்லை. நான் படத்தில் இருந்த கிலுகிலுப்பையை எதிர்பார்த்தேன். வந்தவள் சிரிக்கவே இல்லை. இரண்டு நாளாகிறது, ஒரு தடவைகூட இல்லை. மெதுவாகப் பேசுகிறாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறாள். பாப்பா புதுப் பல் முளைத்த வாயைக் கோணி விளையாட்டுக் காட்டியதும் எழுந்து குளியலறைக்குப் போய்விட்டாள். நான்தான் சிரித்துச் சிரித்துப் பேசுகிறேன். என் சிரிப்பை அவள் உற்றுக் கேட்கிறாள், எங்கோ கேட்டதுபோல.

தோளில் பாரம் வருவதில்லை. வேலை நேரத்தில் கொஞ்சம் காத்திருந்துகூடப் பார்த்தேன். அது போனதில் எனக்கு ஒரு வெறுமை இருக்கிறது என்றால் நீ திட்டுவாய்.

என்னை யாரோ தொடர்ந்து வருகிறார்கள் என்று உனக்கு எழுதி எழுதி மாய்ந்துபோனேன். இத்தனை வருஷமும் தொடர்ந்து போனவள் நான்தான் வாத்து. அவளுக்கு நான்தான் பேய். அது ஒரு நாளில் போய்விடாது என்று தெரிகிறது. நேற்று தேநீர் போட உள்ளே போனேன், பின்னாலேயே வந்து நின்றாள். பாத்திரச் சத்தம் நின்றால் அவள் முகம் மாறிவிடுகிறது. பாப்பாவுக்குப் பக்கத்தில் படுக்கை போட்டுக் கொடுத்தோம். இவரிடம் தனியாக என்னைப் பற்றி, "அவளுக்கு இப்ப காய்ச்சல் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டிருக்கிறாள்.

சங்கக் கூட்டம் என்ன ஆயிற்று என்று உடனே எழுது. உன்னை வெளியே போகச் சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நேராக இங்கே வா. கடைக்குட்டியை விட்டுவிட்டு நீ வரமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். இல்லாவிட்டால் அடுத்த இல்ல ஞாயிறுக்கு நாங்கள் எல்லாரும் அங்கே வருகிறோம். "நான்தான் கவர்ல இருக்கிற பிள்ள, நல்லா சாப்பிட்டு வளந்துட்டேன், போடுங்க" என்று நானே தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். உன் கட்டிலில் படுத்து வளர்ந்தவளை, எப்போதாவது நான்கு வரி எழுது என்று கேட்காதே. வலிக்கிறது.

இதைச் சமையலறை மேடையில் வைத்து எழுதுகிறேன். பேனா எழுதுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்காதல்லவா? கொஞ்சம் முன்னால் கூப்பிட்டாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்க்கா" என்றேன்.

இதோ, மறுபடியும் கூப்பிடுகிறாள்.

உன்
மொட்டை